சித்தப்பாவும் ஏழாவது கேள்வியும்

1

போன சனிக்கிழமை காலை, நான் வீட்டுக்குள் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து உப்புமா தின்றுகொண்டிருக்கும்போதே, நான் ஊரில் இல்லை என்று என் மனைவி கமலா வாசலில் நின்ற ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டாள்.

வந்தவளுக்கு இருபது வயசு இருக்கும். கையில் ஒரு அட்டை, அதில் கிளிப் போட்டு அச்சடித்த காகிதங்கள், காதில் பென்சில். கமலா கதவைக் கால்வாசி திறந்தாள். காகிதத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். "ஹி இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்றாள். அந்தப் பெண் எந்த ஸ்டேஷன் என்று புரியாமல் முழித்தது. இந்த ஊரில் பாசஞ்சர் ரயில் நின்றே வருஷக்கணக்காகிறது. அதற்குள் எட்டு வயசு மகள் உமா அம்மாவின் கைக்குக் கீழே தலையை நீட்டி, "அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு" என்று சுத்தமான அமெரிக்க இங்கிலீஷில் காட்டிக்கொடுத்துவிட்டது.

"எதுக்குக் கமலா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"பேப்பரும் கையுமா ஒருத்தர் வந்து வீட்டு ஆம்பளையைக் கேட்டா வேற என்னத்தைச் சொல்றதாம்? திருச்சி பீமநகர்ல எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம்" என்றாள். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காகிதத்தில் பாதி என் கைவண்ணம். நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில், எங்கள் துறை நடத்தும் ஆய்வு அது. அமெரிக்க நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தை ஜனங்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது. ஊர் லிஸ்டில் குருட்டாம்போக்கில் பெயர் எடுத்ததில் என் வீடே வந்து தொலைத்திருக்கிறது. பெண்ணை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியாகப் பதில் சொன்னேன். ஏழாவது கேள்வி வந்தது. "சுப்ரீம் கோர்ட்டை எவ்வளவு நம்புகிறீர்கள்? மிகவும், ஓரளவு, கொஞ்சம்கூட இல்லை, தெரியாது."

பத்து வருஷமாக இந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். ஆனாலும் "எந்த சுப்ரீம் கோர்ட்டை?" என்றேன். அந்தப் பெண் தன் வழிகாட்டிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியது. இப்படி ஒரு ஆள் கேட்டால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை. பாவம், "தெரியாது" என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டு கிளம்பியது.

"அப்பாவுக்கே தெரியாதாம்!" என்று உமா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு சைக்கிளில் சுற்றுகிறது. இந்த நவம்பரோடு நாங்கள் இங்கே வந்து பத்து வருஷம். அதைக் கொண்டாட இதைவிட நல்ல வழி கிடைக்காது.

2

இதற்கெல்லாமா ஒரு ஆராய்ச்சி என்று நீங்கள் கேட்பீர்கள். என் மாமனார் இன்றைக்கும் கடிதத்துக்குக் கடிதம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஒரு நிமிஷம் யோசித்துப்பாருங்கள். கோர்ட்டுக்குச் சொந்தமாகப் பட்டாளம் கிடையாது. கஜானா கிடையாது. ஒவ்வொரு வழக்கிலும் ஒருத்தன் தோற்றே தீரவேண்டும். தோற்றவன் எல்லாம் முறைத்துக்கொண்டு நின்றால் மறுநாள் கோர்ட்டைப் பூட்டவேண்டியதுதான். ஆனால் தோற்றவன் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுகிறான். ஏன்? என் பேராசிரியர் இந்த ஒரு "ஏன்" மேலேயே முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர். தீர்ப்பு வேறு, கோர்ட் வேறு. தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் கோர்ட் மேல் ஒரு மதிப்பு ஜனங்கள் மனசில் சேர்ந்து கிடக்கிறது, அதுதான் காப்பாற்றுகிறது என்பது அவர் கட்சி.

இந்த ஊரிலேயே அதைப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை நடத்தக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னபோது, பக்கத்து வீட்டு டீச்சரம்மா மிஸஸ் ஓல்சன் என்னைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் கத்தினாள், என்னவோ நான்தான் தீர்ப்பு எழுதியவன் மாதிரி. தலைமை நீதிபதியை வீட்டுக்கு அனுப்பு என்று நெடுஞ்சாலையில் பலகையே வைத்திருந்தார்கள். சரி, வகுப்பில் பிரார்த்தனையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நிறுத்திவிட்டேன். வேறென்ன செய்யமுடியும்? கோர்ட் ஆயிற்றே" என்றாள்.

வெளிநாட்டவர் என்பதால் கமலாவும் நானும் ஜனவரிதோறும் போஸ்டாபீஸுக்குப் போய், அந்நியர்களுக்கென்று அச்சடித்த அட்டையில் விலாசம் எழுதிக் கொடுக்கவேண்டும். "பத்து வருஷமா ஒரே ஊர், ஒரே தெரு. வருஷா வருஷம் என்ன கேள்வி இது?" என்று கமலா வருஷா வருஷம் திட்டுவாள். திட்டிக்கொண்டே முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள். என் பேராசிரியர் அவளைப் பார்த்திருந்தால் ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

3

நாலு வருஷத்துக்கு முன்னால், நம் நாட்டு சுப்ரீம் கோர்ட் பதினைந்து வயசுப் பிள்ளை. இவ்வளவு இளசான கோர்ட்டை ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று உன் ஊரில் போய்க் கேட்டு வா, அதுவே உன் டாக்டர் பட்டம் என்று பேராசிரியர் என்னைத் திருச்சிக்கு அனுப்பினார். ஒரு ஆளுக்குத்தான் டிக்கெட். கமலாவும் அப்போது நாலு வயசாயிருந்த உமாவும் இங்கேயே இருந்தார்கள்.

மூன்று விதிகள் சொல்லி அனுப்பினார். வாக்காளர் பட்டியலில் குருட்டாம்போக்கில் எடுத்த பெயர் எதுவோ அவரையே கேட்கவேண்டும். அவருக்குப் பதில் இன்னொருத்தர் கூடாது. தனியாக வைத்துக் கேட்கவேண்டும். பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது. ஒருத்தர் சொன்ன பதிலை இன்னொருத்தரிடம் சொல்லக்கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் ஆய்வு குப்பை என்றார்.

ஆடி மாசம். முழுக்கால் சட்டை, ஷூ, கையில் அட்டை, அச்சடித்த காகிதம் சகிதம் உறையூரில் முதல் கதவைத் தட்டினேன். ஒரு அம்மாள் எட்டிப்பார்த்தாள்.

"அவரு ஊர்ல இல்லீங்க."

"எப்ப வருவாருங்க?"

"சொல்லிட்டுப் போகலைங்க."

உள்ளே அவர் இருமுவது எனக்குக் கேட்டது. அடுத்த வீட்டிலும் ஊரில் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை பாய் ஒருவர் என்னை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பிஸ்கெட் கொடுத்து, என் அத்தா அம்மா நலம் விசாரித்து, கடைசியில், "தம்பி, அல்லா புண்ணியத்துல இதுவரைக்கும் எந்தப் பேப்பர்லயும் நாங்க மாட்டினதில்ல. இனிமேலும் வேணாமே" என்று கும்பிட்டு அனுப்பினார். திருவெறும்பூரில் புதுசாகத் தொழிற்சாலை வேலைக்கு வந்திருந்த பையன் மட்டும் எல்லாக் கேள்விக்கும் எழுந்து நின்று பதில் சொன்னான். சொல்லி முடித்து எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட்டையும் நீட்டினான். இதையும் ஒரு வேலை இண்டர்வியூ என்று நினைத்திருக்கிறான்.

ஒரு வாரத்தில் ஊரே காலியாகிவிட்ட மாதிரி இருந்தது. பேராசிரியருக்கு என்ன எழுதுவது? திருச்சிராப்பள்ளியில் ஜனங்கள் யாரும் வசிப்பதில்லை என்றா?

எட்டாம் நாள், வெயில் தாங்காமல், பாலக்கரையில் ஒரு வீட்டில் கேள்வியை மறந்துபோய், "ஒரு சொம்பு தண்ணி கொடுங்கம்மா" என்றேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் மடக் மடக்கென்று குடிப்பதை அந்தப் பெண்பிள்ளை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, வெளிய வாங்க. இந்த ஆளு அமீனா இல்ல!" என்று கூவினாள்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கோர்ட்டிலிருந்து சம்மன் கொண்டுவருபவனை, ஜப்திக்கு வருபவனை நம்ம ஊரில் அமீனா என்பார்கள். நான் எட்டு நாளாக அசல் அமீனா வேஷத்தில் ஊரைச் சுற்றியிருக்கிறேன். எந்த அமீனாவும் சம்மன் கொடுக்கிற வீட்டில் தண்ணீர் கேட்கமாட்டானாம். கொடுத்தாலும் குடிக்கமாட்டானாம். கோர்ட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கப்போன எனக்கு, ஊர் அதன் பதிலை முதல் நாளே சொல்லிவிட்டிருக்கிறது, நான்தான் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து ஒரே மந்திரம்தான். முதலில் தண்ணீர், அப்புறம் காகிதம். வீட்டுக்கு வீடு ஊர் நியாயம் கேட்டுக்கொண்டு, நாளைக்கு இருபது சொம்பு குடித்து, வயிறு குலுங்கக் குலுங்க நடந்தேன்.

4

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஸ்ரீரங்கம் மேலூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு வாழைத்தோட்டமும், அதற்குள் ஒரு வீடும் இருந்தன; இரண்டு குடும்பமும் அந்த ஒரே வீட்டில்தான். தாத்தா இரண்டையும் சின்ன மகன் கோவிந்தனுக்கு, அதாவது என் சித்தப்பாவுக்கு, உயில் எழுதிவிட்டுப் போனார். உயில் செல்லாது என்று அப்பா வழக்குப் போட்டார். திருச்சியில் அப்பாவுக்கு ஜெயம். மெட்ராஸ் ஹைகோர்ட்டில் சித்தப்பாவுக்கு ஜெயம். அப்பீல் டில்லிக்குப் போயிற்று. வழக்குப் போட்டுப் பதிமூன்று வருஷம் கழித்து சுப்ரீம் கோர்ட், உயில் செல்லும் என்று சொல்லிவிட்டது.

தீர்ப்பு வந்த அன்றைக்கே அப்பா வண்டி கட்டினார். அமீனா வந்து வெளியே போகச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போய் எங்கள் பகுதிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, உறையூரில் வாடகை வீடு பிடித்து, ஒரு விதைக்கடை போட்டார். அன்றோடு தம்பியிடம் பேச்சு நின்றது. ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாளைச் சேவிக்கப் போவார். மேலூர் ரோட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

ஆனால் சுப்ரீம் கோர்ட் என்றால் அவருக்கு உயிர். தோற்கடித்த கோர்ட்டின் தீர்ப்பை பளபளப்பான கிளேஸ் துணியில் பைண்டு பண்ணி, பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கடைக்கு விதை வாங்க வருகிறவனிடம்கூடச் சொல்வார், "நம்ம உயிலை வெள்ளைக்காரன் புஸ்தகம் எல்லாம் எடுத்துவெச்சுப் பேசினாங்க. எப்பேர்ப்பட்ட மனுஷங்க! தோத்தாலும் அங்க போய்த் தோக்கணும்" என்று. இதைப் பேராசிரியருக்கு எழுதியிருந்தேன். தன் சித்தாந்தம் வேட்டி கட்டிக்கொண்டு உறையூரில் நடமாடுகிறது என்று அவருக்கு ஒரே குஷி.

ஆய்வில் தன் பெயர் வரவில்லை என்பதில் அப்பாவுக்குப் பெரிய கோபம். "சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனவன் நான். என் பேரு வரலை. எதுத்த வீட்டு டைலர் பேரு வந்திருக்கு. அவன் தைச்ச சட்டையே நேரா இருக்காது. என்னடா கணக்கு உங்களது?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மனசு கேளாமல் உதவிக்கு வந்தார். பெயர் எழுதிய கார்டுகளைத் தெருத்தெருவாகப் பிரித்து, எந்த வீடு முதலில், எந்த வீடு அடுத்து என்று காலையில் எனக்கு அடுக்கிக் கொடுப்பது அவர் பொறுப்பு.

ஸ்ரீரங்கத்துக் கட்டில் ஒரு கார்டு இருந்தது. கோவிந்தன், வாழைத்தோட்டம், மேலூர் ரோடு.

நான் பார்த்துவிட்டேன். அவரும் பார்த்துவிட்டார்.  தினமும் அப்பா கார்டுகளை அடுக்குவார்; அந்தக் கார்டு தினமும் அடியில் போய்விடும். கட்டு இளைத்துக்கொண்டே வந்தது. அமெரிக்கா திரும்ப மூன்று நாள் இருக்கையில், மேஜைமேல் அந்த ஒரு கார்டுதான் மிச்சம்.

"விட்டுரு" என்றார் அப்பா.

"விட முடியாதுப்பா. விதி."

"ஆளு அகப்படலைன்னு எழுதிக்கோ. அமெரிக்காவுல இருந்து எவன் வந்து பாக்கப்போறான்?"

"அப்பா! கோர்ட்ல ஒரு பொய்கூட எழுதிக் கொடுக்கலைன்னு பெருமையாச் சொல்லுவீங்களே."

"கோர்ட்டும் உன் வாத்தியாரும் ஒண்ணாடா? அவங்க ஜட்ஜுங்க!" என்று கத்தினார். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள். அப்பா குரலைத் தணித்துக்கொண்டு, கார்டைப் பார்த்தபடியே சொன்னார்: "போறதுன்னா போ. உன் படிப்பைக் கெடுத்தேன்னு எனக்குப் பேரு வேணாம். ஆனா அந்த வீட்டுல பச்சைத்தண்ணி பல்லுல படக்கூடாது."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. போனால் அப்பா மனசு புண்படும். போகாவிட்டால் ஆறு வருஷப் படிப்பில் ஓட்டை விழும். போய்த்தான் ஆகவேண்டும் என்று எனக்குள் ஒன்று துடித்ததும் உண்மை. சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காவிரியில் நீச்சல் கற்றுக்கொடுத்த சித்தப்பா அவர். அவரை நேரில் பார்த்து எட்டு வருஷமாகியிருந்தது.

5

இந்த இடத்தில் நேற்று உமா குறுக்கே வந்தது. என்ன எழுதுகிறாய் என்றது. தாத்தா கதை என்றேன். உட்கார்ந்து பாதியைத் தமிழில் கேட்டது, மீதியை இங்கிலீஷில் சொல்லச் சொன்னது. அதற்கு உறையூர்த் தாத்தா ஒரு போட்டோ; பொங்கலுக்கு வரும் நீல நிறக் கடிதம். அதில் அவர் தமிழில் எழுதியிருப்பதை நான் படித்துக் காட்டுவதற்குள் வெளியே ஓடிவிடும்.

"தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்களா? ஒரு வீட்டில் எதற்கு இரண்டு குடும்பம்?" என்று கேட்டது. அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில், "பாதிப் பாதியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதானே. எங்கள் டீச்சர் அப்படித்தான் சொல்லுவார்" என்றது. பதிமூன்று வருஷம், மூன்று கோர்ட். எட்டு வயசுக்கு ஒரு வரியில் முடிந்துவிட்டது. எனக்குக் கோபம்கூட வந்தது. நம் வீட்டுச் சண்டை அவ்வளவு லேசானதா என்ன?

6

மேலூர் ரோட்டில் இறங்கி நடந்தேன். தோட்டத்து வேலியோரம் வாழை குலை தள்ளி நின்றது. சித்தப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து வாழை நார் கிழித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"யாரு... செல்வராசா?"

"நான்தான் சித்தப்பா."

சின்னம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "அய்யோ, எம்புள்ளே! எவ்வளவு இளைச்சுப்போயிட்டே!" என்று கன்னத்தைத் தடவிவிட்டு, உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம் சின்னம்மா" என்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதிலிருந்த அச்சடித்த காகிதத்தில் அவர் பெயர் எழுதியிருந்தது. நாரைக் கீழே போட்டுவிட்டு மெல்ல எழுந்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணன் மறுபடியும் கேஸ் போட்டுட்டாரா?"

  அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"அதானே பாத்தேன். அவரால சும்மா இருக்க முடியுமா? கொடு, கொடு, எங்க கையெழுத்துப் போடணும்? எந்தக் கோர்ட்டு? நம்ம ஊரா, மெட்ராஸா?"

ஊர் முழுக்க அந்தக் காகிதத்தைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டது. இந்த மனுஷன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"கேஸ் இல்ல சித்தப்பா. இது என் படிப்புக்கு. கேள்வி கேட்டு எழுதிக்கறது."

"ஓ" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். நாரை எடுத்தார். கிழிக்கவில்லை.

சின்னம்மாவை விதிப்படி உள்ளே அனுப்பிவிட்டு, கேள்விகளை ஆரம்பித்தேன். ஒன்றிலிருந்து ஆறுவரை ஒழுங்காகச் சொன்னார். ஏழாவது. சுப்ரீம் கோர்ட்டை எவ்வளவு நம்புகிறீர்கள்?

"என்னத்தைச் சொல்றது? நான் ஜெயிச்சவன்" என்றார். "உனக்கு ஒண்ணு தெரியுமா? பதிமூணு வருஷமும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானும் அண்ணனும் ஒரே ரயில்லதான் போவோம். உங்கம்மா தயிர்சாதம் கட்டிக்கொடுப்பாங்க. இவ புளிசாதம் கட்டுவா. விழுப்புரம் தாண்டினதும் பொட்டலத்தை மாத்திப்போம். அவருக்குப் புளிசாதம்னா உசுரு. டில்லி போறப்போ நாக்பூர்ல எனக்குக் காய்ச்சல். அண்ணன்தான் பாஷை தெரியாத ஊர்ல இறங்கி ஓடிப்போய் மாத்திரை வாங்கிட்டு வந்தாரு. ராத்திரி பூரா நெத்தியில துணி போட்டாரு. அப்புறம் டில்லியில இறங்கி என் மேல கேஸ் நடத்தினாரு!" சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "டில்லியோட முடிஞ்சிருச்சு. அதுக்கு மேல கோர்ட்டு இல்லையேப்பா. அவருக்கும் எனக்கும் ஒரே ரயில்ல போக வேற ஊரு இல்ல. சாவியையாவது என் கையில கொடுத்திருக்கலாம். கோர்ட்டுல கொடுத்துட்டுப் போயிட்டாரு."

பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

"அண்ணன் இதுக்கு என்ன சொன்னாரு?"

"அவர் பேரு லிஸ்ட்ல வரலை சித்தப்பா. வந்திருந்தாலும் சொல்லக்கூடாது. விதி."

"அவரு எதுல டிக் போடுவாரோ அதுலயே எனக்கும் போட்டுரு" என்றார்.

7

சொல்லக்கூடாது என்பது மூன்றாவது விதி. வீட்டுக்குள் நுழைந்த கால்மணி நேரத்தில் அதை மீறினேன். அப்பா எதுவும் கேட்கவில்லை. விதைப் பைகளை எண்ணியதையே எண்ணிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகிடம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். புளிசாதம், நாக்பூர், சாவி.

"சம்மன்னு நெனைச்சுக் கையை நீட்டினானா?" என்றார் திரும்பாமலே.

"ரெண்டு கையையும்."

கையிலிருந்த விதைப் பையைக் கீழே வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அந்த ஃபாரம் இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

"இருக்கு. ஆனா உங்க பேரு லிஸ்ட்ல..."

"கொடுன்னா கொடேன்டா!"

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு கேள்விக்கும் தன் கையாலேயே எழுதினார். ஏழாவதில் "மிகவும்" என்ற கட்டத்தில் டிக் போட்டு, போதாதென்று பக்கத்தில் "மிக மிக" என்று எழுதினார். அடியில் கையெழுத்து, தேதி. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நீ ஒருத்தர் பதிலை இன்னொருத்தர்கிட்ட காட்டக்கூடாது. நான் காட்டலாமில்ல?"

மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. "சண்டை கிண்டை ஆகியிருக்குமோ? போய்ப் பாருடா" என்று அம்மா என்னை விரட்டினாள். நானும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

தோட்டத்து வேலியிலேயே சத்தம் கேட்டது. சண்டைதான்.

"ஜெயிச்ச நானே அவ்வளவு நம்பலை, நீங்க என்னண்ணே மிக மிகன்னு எழுதியிருக்கீங்க?"

"நீ எங்கடா நம்புவே? டில்லியில வாதம் நடக்கறப்ப பின்பெஞ்சியில படுத்துத் தூங்கினவன்தானே!"

"காய்ச்சல்ண்ணே!"

"காய்ச்சல் அதுக்கு முந்தின நாளே விட்டிருச்சு. நான்தானே தொட்டுப் பாத்தேன்."

இரண்டு பேரும் ஒரே பெஞ்சியில், மடியில் என் ஃபாரத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாடா. உன் அஞ்சாவது கேள்வியே தப்பு. நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டோம்" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஆனாலும் படிப்பு படிப்புதானே. மறுநாள் மெட்ராஸுக்கு ரயில். சித்தப்பாவின் ஃபாரம் ஏழாவது கேள்வியோடு நின்று கிடந்தது.

"அப்பா, விதிப்படி சித்தப்பாவைத் தனியாத்தான் கேக்கணும். ஒரு பத்து நிமிஷம் தோட்டத்துப் பக்கம் போயிட்டு வாங்களேன்."

அப்பா உடனே "விதின்னா விதிதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சித்தப்பா சட்டென்று அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்கண்ணே."

"அவன் படிப்புடா, கோவிந்தா."

"படிப்பு கெட்டா கெட்டுப்போகுது. உங்களை மறுபடி வெளிய அனுப்பிட்டு எந்தக் கோர்ட்டுக்கும் எந்த வாத்தியாருக்கும் நான் பதில் சொல்ல மாட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு பெஞ்சியில் உட்கார்ந்தார்.

நான் கார்டை எடுத்து, "பதிலளிக்க மறுத்துவிட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சின்னம்மா எங்கள் மூன்று பேருக்கும் இலை போட்டாள்.